கொளச்சல் களத்தில் பைன் மரம் எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் மேசைப் போர் விளையாட்டுகளைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். விரல் உயரமே உள்ள வீரர்களை மேசையில் நிறுத்தி, பகடை உருட்டி, அளவுநாடா வைத்து நகர்த்தி ஆடும் இந்த விளையாட்டை நம் பிள்ளைகளும் ஆடுகிறார்கள் என்று ஒரு தமிழ்ப் பத்திரிகை மதித்து எழுதியது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. ஆனால் கட்டுரையின் கடைசிப் பகுதியில், களத்தில் வைக்கும் மரங்களை வெளிநாட்டிலிருந்துதான் வரவழைக்க வேண்டியிருக்கிறது, முடியாதவர்கள் தெர்மோகோல் உருண்டைக்குப் பச்சை வண்ணம் அடித்துக்கொள்ளலாம் என்று இருந்தது. இரண்டும் வேண்டாம் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நான் குழித்துறைப் பக்கம் மெத்தைக் கடை நடத்துகிறவள். கொஞ்ச தூரத்தில் களியக்காவிளை, அதைத் தாண்டினால் கேரளம். என் அண்ணன் மகனும் அவனுடைய கூட்டாளிகளும் ஞாயிறு மாலைகளில் எங்கள் வீட்டு முன்னறையில் ஆடுகிறார்கள். அவர்கள் மேசையில் நிற்கும் தென்னை, பனை, உடைமரம் எல்லாம் என் கடையில் மிஞ்சும் பொருள்களைக் கொண்டு நான் செய்தவை. அந்த உரிமையில் எழுதுகிறேன்.

விளையாட்டை அறியாத வாசகர்களுக்குச் சில வார்த்தைகள். ஆடுபுலி ஆட்டத்தில் கோடு உண்டு, தாயத்தில் கட்டம் உண்டு. இதில் இரண்டும் இல்லை. மேசைப் பரப்பே நிலம், தூரத்தை நாடாவால் அளக்க வேண்டும். பிரஷ்ய ராணுவ அதிகாரி ரைஸ்விட்ஸ் 1824இல் தம் சக அதிகாரிகளின் பயிற்சிக்காக இப்படி ஒரு விளையாட்டின் விதிகளை வெளியிட்டபோது களம் வரைபடமாக இருந்தது. காடு என்றால் தாளில் வரைந்த காடுதான். இன்றைய மேசையில் காடு எழுந்து நிற்கிறது. காட்டுக்குள் புகுந்த படைக்கு வேகம் குறையும், குண்டு படும் வாய்ப்பும் குறையும். காட்டுக்கு அப்பால் நிற்பவனை இப்பால் நிற்பவன் பார்க்க முடியாது. ஆடுகிறவர்கள் குனிந்து, மேசை மட்டத்துக்குக் கண்ணைக் கொண்டுவந்து, தண்டுகளுக்கு இடையே எதிரி தெரிகிறானா என்று பார்ப்பார்கள். மரம் அங்கே அலங்காரத்துக்காக நிற்கவில்லை. ஆட்டத்தின் முடிவையே அது மாற்றுகிறது.

ஆகவே இந்த மரத்தைப் பற்றிப் பேசும்போது முதலில் கையைப் பற்றிப் பேச வேண்டும். ஒரே ஆட்டத்தில் அதன் மேல் எத்தனை கை படுகிறது என்று பாருங்கள். பெட்டியிலிருந்து எடுக்கும் கை, இடம் மாற்றும் கை, மரத்துக்கு அடியில் வீரனை நகர்த்தும் கை, தள்ளிப்போன பகடையைப் பிடிக்கப் பாயும் கை, சட்டைக் கையில் மாட்டிச் சாயும் மரத்தைத் தாங்கும் கை. கண்ணாடி அலமாரியில் வைப்பதற்கு எத்தனை மென்மையாக வேண்டுமானாலும் செய்யலாம். மேசைக்குச் செய்கிற மரத்துக்கு நான் வைக்கும் பரீட்சை ஒன்றுதான். ஐந்து வயதுப் பிள்ளை அதன் தலையைப் பிடித்துத் தூக்கித் திரும்பப் பொத்தென்று வைக்க வேண்டும். இலை உதிராமலும் தண்டு வளையாமலும் நின்றால் அது மரம்.

தெர்மோகோல் இந்தப் பரீட்சையில் தேறாது. அழுத்தினால் குழி விழும், விழுந்த குழி விழுந்ததுதான். எடை இல்லாததால் மின்விசிறிக் காற்றே சாய்த்துவிடும். டப்பாவில் வரும் ஸ்பிரே பெயின்ட்டை அதன் மேல் அடித்தால் அதிலுள்ள கரைப்பான் பட்டுத் தெர்மோகோல் உருகிப் பொத்தலாகிவிடும். உடைந்த துகள்கள் மழைத் தண்ணீரோடு ஓடையில் சேர்வதையும் சொல்ல வேண்டும். பிள்ளைகளுக்கு யோசனை சொல்லும் பக்கத்தில் இதை ஏன் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறோம்?

வெளிநாட்டு மரங்கள் நன்றாகவே செய்யப்பட்டிருக்கின்றன, குறை சொல்லவில்லை. ஆனால் பெரும்பாலும் பைன், இல்லையென்றால் ஓக். எங்கள் வீட்டு மேசையில் பிள்ளைகள் ஆடுவது 1741இல் எங்கள் மாவட்டக் கடற்கரையில் நடந்த கொளச்சல் போர். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியைத் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படை தோற்கடித்த போர். அதில் சிறைப்பட்ட டச்சுப் படைத்தலைவர் டி லனோய் பிற்பாடு திருவிதாங்கூர்ப் படைக்கே தளபதியானதும், தக்கலைக்குப் பக்கத்தில் உதயகிரிக் கோட்டைக்குள் அவருடைய கல்லறை இருப்பதும் இங்கே பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். மீனவர்களைத் துடுப்பும் தோளுமாகக் கரையில் வரிசையாக நிறுத்தி, தூரத்திலிருந்து பார்க்கிற கப்பல்காரனுக்குத் துப்பாக்கிப் படை என்று தோன்றச் செய்தார்கள் என்று எங்கள் கடற்கரையில் ஒரு கதையும் சொல்வார்கள். அந்தக் கரையில் பைன் மரத்தை வைத்துவிட்டு எந்த நிலத்தை ஆடுவது? தென்னந்தோப்புக்குள் தண்டுகளுக்கு ஊடே நெடுந்தூரம் பார்க்கலாம், தலைக்கு மேலேதான் அடைப்பு. பெட்டியில் வரும் பைன் மரங்களில் கிளை தரைவரை தொங்கும், பார்வை உடனே மறையும். மரம் மாறினால் போரே மாறிவிடும்.

இனிச் செய்முறைக்கு வருகிறேன். காயர் மெத்தை எல்லோருக்கும் தெரியும். அதற்குள் இருப்பது தேங்காய்த் தும்பும் ரப்பர் பாலும். தும்பை முதலில் இறுக முறுக்கிச் சுருள் பிடிக்க வைத்து, மறுபடி பிரித்துப் பரப்பி, மேலே ரப்பர் பாலைத் தெளித்து, சூட்டில் பதப்படுத்துவார்கள். நார் நாரைத் தொடும் இடமெல்லாம் ரப்பர் பிடித்துக்கொள்கிறது. அதனால்தான் நசுக்கினாலும் மீண்டு எழுகிறது. இங்கிலாந்தில் சிறு அளவில் ரயில் மாதிரிகளைச் செய்பவர்கள் வேலிக்கும் மரத்துக்கும் வெகுகாலமாகப் பயன்படுத்தியது குதிரைமுடியில் ரப்பர் ஏற்றிய பொருள். அந்த வேலையைச் செய்யக்கூடிய தும்பும் ரப்பரும் இரண்டுமே விளைகிற மாவட்டம் எங்களுடையது. அதை விட்டுவிட்டுக் கடல் கடந்து தேடச் சொல்வதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

மெத்தைக்காரர்களிடம் கேட்டால் வெட்டி மிஞ்சிய ஓரத் துண்டு கிடைக்கும். புதிய துண்டையே கேளுங்கள். படுத்துப் பழகிய மெத்தையின் தூசி பிள்ளைகளின் மூச்சுக்கு ஆகாது. துண்டைக் கத்தரியால் வெட்டாதீர்கள், வெட்டிய விளிம்பு எத்தனை பூசினாலும் நேர்க்கோடாகவே தெரியும். எலுமிச்சை அளவு எடுத்து, இரண்டு கையாலும் மெல்லப் பிய்த்து விரிக்க வேண்டும். முதலில் இழுக்கும்போது எதிர்க்கும். பிறகு சிறு சத்தத்தோடு ரப்பர் பிடிகள் ஒவ்வொன்றாக விடும். அந்தச் சத்தம் கேட்கக் கேட்க நார்கள் திசைக்கொன்றாக எழும். ஒரு மடங்கு இருமடங்கானதும் சன்னலுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். சன்னல் கம்பி மங்கலாகத் தெரிந்தால் போதும். அதற்கு மேல் இழுத்தால் பிடி அற்று வெறும் தும்பாகிவிடும்.

பிறகு ஒரு பங்கு ஃபெவிகாலில் மூன்று பங்கு தண்ணீர் கலந்து அதன் மேல் தெளித்து, சாயமேற்றிய மரத்தூளைத் தூவிக் கவிழ்த்துத் தட்டுவது. தூளுக்கு ரப்பர்த் தடி அறுக்கும் மில்லுக்குப் போங்கள். ரப்பர் மரம் வெளிறிய நிறம், துணிச் சாயத்தை அப்படியே வாங்கிக்கொள்ளும். தேக்குத்தூளில் பச்சை கலந்தால் அழுக்காகத்தான் வரும். பழைய மாவு சல்லடையில் சலித்து, சாயத் தண்ணீரில் ஊறவைத்து, நல்ல வெயிலில் காயவைக்க வேண்டும். பச்சை ஒன்று போதாது. அடியில் கருத்த பச்சை, மேலே இளம்பச்சை, வெயில் படும் உச்சியில் சற்று மஞ்சள் என மூன்று வேண்டும். மைதா பசை மட்டும் கூடவே கூடாது. எங்கள் மாவட்டத்தில் ஆனி ஆடியில் ஒரு மழை, ஐப்பசி கார்த்திகையில் ஒரு மழை. மைதா பசை இட்ட மரத்தில் முதலில் பூஞ்சை வரும், பின்னால் கரப்பான் வரும்.

தண்டுக்குக் கட்டுக்கம்பி. கட்டடம் கட்டுகிறவர்கள் இரும்புக் கம்பிகளைப் பிணைக்கப் பயன்படுத்துவது. பல இழைகளைச் சேர்த்து முறுக்கி, மேலே பிரித்துக் கிளையாக்கி, ஃபெவிகாலும் மரத்தூளும் குழைத்துப் பூசினால் பட்டை வந்துவிடும். பழைய மோட்டாரிலிருந்து எடுத்த செம்புக் கம்பி கைக்கு இதமாக வளையும் என்று பலரும் அதைத்தான் எடுக்கிறார்கள். ரப்பர் சேரும் வேலைக்குச் செம்பு ஆகாது. செம்பு பட்டால் ரப்பர் கெட்டு, பிசுபிசுத்து, பிறகு உதிர்ந்துபோகும். பால் வெட்டுகிற வீடுகளில் செம்பு, பித்தளைப் பாத்திரத்தில் ரப்பர் பாலை ஊற்ற விடமாட்டார்கள். சிறு மரத்துக்கும் அதே விதிதான்.

உயரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த வீரர்கள் 28 மி.மீ. அளவினர், ஏறத்தாழ அறுபதில் ஒரு பங்கு. இருபது மீட்டர்த் தென்னையை அதே கணக்கில் செய்தால் 33 செ.மீ. வரும். மேசையில் அது கையைத் தடுக்கும், பெட்டியிலும் அடங்காது. 18 செ.மீ. போதும், கண் தாராளமாக ஏற்றுக்கொள்கிறது. ஆனால் உயரத்தைக் குறைத்தவர்கள் தண்டின் பருமனையும் குறைத்துவிடக் கூடாது. முப்பது செ.மீ. குறுக்களவுள்ள தென்னைக்கு மேசையில் 5 மி.மீ. வருகிறது. அதைவிடச் சற்றுத் தடிமனாகவே செய்யுங்கள், கைக்குத் தைரியம் வரும். கிளைவிடும் மரமானால் முதல் கிளை தரையிலிருந்து 6 செ.மீ.க்கு மேலே இருக்கட்டும். ஈட்டி பிடித்த வீரனும் அவனை நகர்த்தும் விரலும் அடியில் புகுந்து வெளிவர வேண்டும்.

தென்னைக்குச் சைக்கிள் சக்கரக் கம்பி ஒன்றின் மேல் சணல் நூலை நெருக்கமாகச் சுற்றினால், ஓலை விழுந்த தழும்பு வளையங்கள் தாமாகவே வந்துவிடும். அடியில் இரண்டு மூன்று சுற்று கூடுதலாகச் சுற்றிப் பருக்கச் செய்து, தண்டை லேசாக வளைத்துவிட வேண்டும். வண்ணம் சாம்பல். மரம் என்றதும் பழுப்பைத் தொடுகிற பழக்கத்தை விடுங்கள், வாசலில் நிற்கும் தென்னையை ஒருமுறை பார்த்தால் போதும்.

ஓலைக்கு இரண்டு தாளின் நடுவே மெல்லிய கம்பியை வைத்து ஒட்டி, இருமுனையும் கூராக வெட்டி, இருபுறமும் சரிவாகக் கத்தரித்துக் கீற்றாக்க வேண்டும். கம்பிக்குப் பதில் ஈர்க்கு வைத்தால் பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் காய்ந்த ஈர்க்கு ஒடியும், கம்பியோ மிதிபட்டாலும் நிமிர்த்திக்கொள்ளலாம்.

இனிதான் ரப்பர் பாலின் வேலை. மரத்திலிருந்து எடுத்த பால் சில மணி நேரத்தில் உறைந்துவிடும். அமோனியா சேர்த்த பாலைக் கேட்டு வாங்குங்கள், சன்னலைத் திறந்துவைத்துப் பெரியவர்கள் கூட இருந்து வேலை செய்யுங்கள். வண்ணத்தைப் பாலிலேயே கலந்துவிட வேண்டும். காய்ந்த ரப்பரின் மேல் பூசிய வண்ணம் ஓலை வளையும்போது வெடித்து உரியும். வண்ணம் கலந்த பாலில் ஓலையைத் தோய்த்து, நுனியில் சொட்டும் துளியை விரலால் வழித்து, கொடியில் தொங்கவிடுங்கள். காய்ந்ததும் முகப்பவுடரை மெல்லத் தட்டினால் ஒன்றோடொன்று ஒட்டாது. தாள் அப்போது தாளாக இருக்காது. கசக்கினால் மடங்கும், விட்டால் எழும், கிழிக்கத்தான் முடியாது. ஒரு தலைக்கு ஒன்பது பத்து ஓலை போதும். வெயிலில் மட்டும் நெடுநாள் போட்டுவைக்காதீர்கள், ரப்பர் காய்ந்து வெடிக்கும்.

பனைக்கு ஓலை விசிறி. 2.5 செ.மீ. ஆரமுள்ள வட்டத்தில் கால் பங்கை நீக்கிவிட்டு, நடுவிலிருந்து கதிராக மடித்து, விளிம்பை நறுக்கிவிட வேண்டும். தண்டு கிட்டத்தட்டக் கறுப்பு. குருத்தோலை நிமிர்ந்து நிற்க, நடுவில் உள்ளவை விரிந்திருக்க, அடியில் நாலைந்து காவோலை பழுப்பேறித் தண்டோடு சாய்ந்து தொங்க வேண்டும். காவோலை இல்லாமல் செய்த பனை பூங்காவில் வளர்த்த செடியாகத்தான் தெரியும். பாளைக்கு அருகே ஒரு கலயத்தைக் கட்டிவிட்டால் பதநீர்க் காலம் வந்துவிடுகிறது. இத்தனை இருந்தும், தமிழ்நாட்டின் மாநில மரமான பனை எந்த விளையாட்டுப் பெட்டியிலும் என் கண்ணில் படவில்லை என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம்.

1809இல் திருவிதாங்கூர் அமைச்சர் வேலுத்தம்பி தளவாயின் கலகத்தின்போது ஆங்கிலேயக் கம்பெனிப் படை உடைத்து நுழைந்த ஆரல்வாய்மொழிக் கணவாயை ஆடுவதானால் உடைமரம் வேண்டும். செய்வதற்கு எளிதானதும் அதுதான். பிய்த்த காயரைத் தட்டையாக, குடை விரித்த வாக்கில் ஒரே அடுக்காக வைத்தால் முடிந்தது. ரப்பர் மரத்தை 1741 களத்திலோ 1809 களத்திலோ வைத்துவிடாதீர்கள். ரப்பர்த் தோட்டம் இந்தப் பக்கம் வந்தது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில். இக்காலக் கதைகளை ஆடுகிறவர்கள் தாராளமாக வைக்கலாம். வரிசை பிடித்து நட்ட தோட்டத்தில் ஒரு திசையில் நேராகப் பார்வை ஓடும், அரையடி நகர்ந்தால் முழுவதும் மறையும். ஆட்டத்துக்கு அத்தனை நல்ல காடு வேறில்லை. பட்டையில் இடது மேலிருந்து வலது கீழாக வெட்டுக்கோடு கீறி, அதன் முடிவில் பாதியாக உடைத்த மிளகு ஒன்றை ஒட்டினால் பால் பிடிக்கும் சிரட்டை வந்துவிடும், அளவு சற்றுப் பெரிதுதான்.

எஞ்சியது அடித்தளம். ஆட்டத்துக்கு உதவுமா உதவாதா என்பதை முடிவு செய்வது இதுதான் என்பதால் இதில் சற்று நிற்கிறேன். மரம் சாயாமலிருக்க அகலமான அடி வேண்டும். அடி அகலமானால் 25 மி.மீ. தட்டில் நிற்கும் வீரன் மரத்தருகே வர முடியாது. ஒவ்வொரு மரத்துக்கும் தனி அடி வைத்து இந்தச் சிக்கலைத் தீர்க்கவே முடியாது. “மாமி, மரத்தை எடுத்துவிட்டால் காடு எங்கே முடிகிறது என்று சண்டை வருகிறது” என்று என் அண்ணன் மகன் சொன்னபோதுதான் இரண்டு சிக்கலுக்கும் விடை ஒன்று என்று தெரிந்தது.

காட்டைத் தனியாகவும் மரத்தைத் தனியாகவும் செய்ய வேண்டும். எண்ணெய் டின்னைப் பிரித்துத் தட்டி, கையை வெட்டாதபடி விளிம்பை உள்பக்கமாக மடக்கி, வளைவு நெளிவாக ஒரு தகடு. அதன் மேல் ஃபெவிகால் தடவிச் சலித்த எம்-சாண்ட், காய்ந்த தேயிலைச் சக்கை, கொஞ்சம் தும்புத்தூள். தகட்டின் எல்லைதான் காட்டின் எல்லை, இரண்டு தரப்புக்கும் சந்தேகமில்லை. மரத்தின் அடியில் ஒரு சிறு வட்டக் காந்தம், மேலே வேர் போலச் சற்றுப் பூச்சு. தகட்டில் எங்கே வைத்தாலும் பிடித்துக்கொள்ளும். வீரனுக்கு இடம் வேண்டுமா, மரத்தை இரண்டு விரல் தள்ளி வையுங்கள். படை முழுவதும் காட்டுக்குள் புகுந்துவிட்டதா, எல்லா மரத்தையும் எடுத்துவிடுங்கள். தகடு காட்டைக் காத்துக்கொண்டிருக்கும். மேசை இடிபட்டாலும் மரம் அசையாது. பூச்சுத் தடித்துவிட்டால் காந்தம் பிடிக்காது, அதனால் மணல் ஓர் அடுக்குக்கு மேல் வேண்டாம். காந்தங்களை நன்றாகப் புதைத்து ஒட்டுங்கள், சிறு பிள்ளைகள் வாயில் போட்டால் ஆபத்து. மணல் என்றதும் கடற்கரைக்குப் போய்விடாதீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கரிமணலில் கதிரியக்கமுள்ள மோனசைட் என்ற தாது இருக்கிறது. விளையாட்டுப் பொருளில் அதற்கு வேலை இல்லை.

தென்னை, பனைத் தலைகளைத் தண்டோடு ஒட்டிவிடாமல் செருகி எடுக்கும்படி செய்தால், தலைகளை ஒரு டப்பாவிலும் தண்டுகளை ஒரு கட்டாகவும் வைக்கலாம். ஒரு தோப்பு முழுவதும் பிஸ்கட் டப்பா ஒன்றில் அடங்கிவிடும்.

ஆசிரியரிடம் ஒரு வேண்டுகோள். தென்னை ஓலை, பனை ஓலை இரண்டின் வெட்டு வடிவங்களையும் இத்துடன் தனித்தாளில் வரைந்து அனுப்பியிருக்கிறேன். உங்கள் சிறுவர் பக்கத்தில் அவற்றை வெளியிடுங்கள். பிள்ளைகள் பத்திரிகையை அப்படியே தாளின் மேல் வைத்து வெட்டிக்கொள்வார்கள். பக்கத்தில் இடம் போதவில்லை என்று படத்தைச் சுருக்கிவிட வேண்டாம். தென்னை ஓலை சரியாக 7 செ.மீ. நீளம், பனை விசிறி 5 செ.மீ. அகலம் இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து பொருந்தாது என்றால் இந்த வாரம் பனையை மட்டும் போடுங்கள், தென்னை அடுத்த வாரம் வரட்டும்.

இப்படிக்கு,
மெத்தைக் கடை நடத்தும் வாசகி,
குழித்துறை, கன்னியாகுமரி மாவட்டம்.